சுவரில் பாசி விட்டுவைத்த இடம்

பாசி வளர்ந்திருந்ததில் மதியழகனுக்கு வியப்பில்லை. அது வளராமல் விட்டுவைத்திருந்த இடம்தான் கண்ணை உறுத்தியது.

கார்த்திகைக் கடைசி. மாடித் தொட்டியில் எங்கோ விரிசல் விட்டு, படுக்கையறையின் மேற்குச் சுவர் மழைக்காலம் முழுக்க ஊறிக் கிடந்தது. ஈரமும் கொஞ்சம் வெளிச்சமும் சேர்ந்த இடத்துக்குப் பாசியை யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டியதில்லை. அந்த அறைக்கு வெயில் என்று வருவது காலை ஏழிலிருந்து எட்டுவரைதான். எதிரே இருக்கும் இரண்டு வீடுகளுக்கு நடுவிலுள்ள சந்து வழியாக நேரே பாய்ந்து, முழங்கால் உயரத்தில் தொடங்கும் பழைய காலத்து நீள ஜன்னலில் நுழைந்து, எதிர்ச்சுவரில் ஒரு கட்டம் போடும். எட்டு மணிக்குக் கட்டம் அழிந்துவிடும். அப்புறம் நாள் முழுக்க அறை மங்கல்தான்.

பாசி அந்தக் கட்டத்துக்குள் மட்டும் வளர்ந்திருந்தது. கட்டத்துக்கு வெளியே சுவர் அதே ஈரத்தோடு வெறும் சாம்பல் நிறத்தில் இருந்தது. இதெல்லாம் பாசியின் குணம், அவருக்குத் தெரிந்ததுதான். ஆனால் அந்தப் பச்சையின் நடுவில் ஒரு துண்டு சுவர் மட்டும் சுண்ணாம்பு அடித்த அன்றுபோல் வெள்ளையாக நின்றது. கீழே அகலம், நடுவில் ஒடுக்கம், மறுபடி அகலம், அதற்குமேல் சிறுத்து, உச்சியில் ஓர் உருண்டை. பல்துலக்கியை வாயில் வைத்தபடி மதியழகன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மழை ஓய்ந்த குளத்தங்கரை வாடை அறையில் இருந்தது. எங்கோ தொட்டி நீர் சொட்டும் ஓசை கேட்டது. சுண்ணாம்பு அந்த இடத்தில் தடிப்பாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு வாய் கொப்பளிக்கப் போனார்.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. நாமக்கல்லில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் ஆய்வக உதவியாளர். பிள்ளைகள் இல்லை. மனைவி சென்னியம்மாள் ஐப்பசியில் பன்னிரண்டு நாள் காய்ச்சலில் கிடந்து போய்விட்டாள். முப்பது வருடம் ஒருத்தி பேசிக்கொண்டே இருந்த வீட்டில் இப்போது குளிர்பெட்டிதான் பேசியது. அதுவும் அவ்வப்போது நின்றுவிடும். நிற்கும்போதுதான் வீடு எவ்வளவு காலி என்பது அவருக்கு உறைக்கும்.

சென்னியம்மாள் மேச்சேரிக்காரி. பத்து வயதில் சோளத்தட்டு வெட்டும் இயந்திரத்தில் கையை விட்டு, வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் அடியோடு போயிருந்தன. மிச்சமிருந்த மூன்று விரலால்தான் அவள் சமைத்தாள், துவைத்தாள், சனிக்கிழமை தோறும் அவருக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். ஜன்னலைப் பார்த்து முக்காலியில் அவரை உட்கார வைத்துவிட்டு, பின்னால் நின்றுகொண்டு உச்சந்தலையில் எண்ணெயை அறைவாள்.

"ரண்டு கையிலயும் தேய்ச்சா என்ன?" என்று அவர் ஒருமுறை கேட்டார்.

"இருக்கறதே நாலு முடி. அதுக்கு மூணு வெரலு போதுமுங்க" என்றாள்.

அந்த மூன்று விரலின் கனம் அவர் தலைக்கு மனப்பாடம். கண்ணை மூடினால் இன்றைக்கும் சொல்லுவார், கட்டைவிரல் எங்கே, ஆட்காட்டி எங்கே, நடுவிரல் எங்கே என்று. அதற்கப்புறம் ஒன்றும் இல்லாத அந்த இடம் எங்கே என்றும் சொல்லுவார்.

கல்லூரியில் அப்போது யாழினி மேடம் ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், முப்பத்தைந்து வயது, வேலையில் கறார். ஊருக்குள் எந்தச் சுவரில் எந்தப் பாசி குடியிருக்கிறது, வெயிலும் மழையும் அதை என்ன செய்கின்றன என்பதுதான் ஆய்வு. ஏசி குழாய் சொட்டும் இடத்தில் இளம்பச்சை. லாரி பாடி கட்டும் பட்டறைகளின் சிமெண்டுச் சுவரில், புகையும் சூடும் தாங்கிக்கொண்டு, தார் பூசியது போல் கறுப்பு. வடக்குப் பார்த்த மரப்பட்டையில் செங்காவி. நாள் முழுக்கத் தீயும் தெற்குச் சுவரில் ஒன்றுமே இல்லாதது போலிருக்கும். அங்கேயும் அது தூசியாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

"செத்துப்போச்சுன்னு நெனைக்காதீங்கண்ணா. தூங்குது. வருசக்கணக்கா அப்படியே கெடக்கும். ஒரு வாய் தண்ணி கெடைச்சா எழுந்துரும்" என்பார் யாழினி.

வெயில் ஏறிச் சுவர் காய்வதற்குள், பனி ஈரம் இருக்கும்போதே கணக்கெடுக்க வேண்டும். அதனால் மதியழகன் ஆறே முக்காலுக்கே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமையும் நானே போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். வெறும் வீட்டில் உட்கார்ந்திருப்பதற்குச் சுவரைச் சுரண்டுவது மேல். ஆக, ஏழு மணி வெயில் அவர் அறைச்சுவரில் விழும்போது அதைப் பார்க்க வீட்டில் யாரும் இருந்ததில்லை.

கணக்கெடுக்கும் முறை எளிது. கம்பியால் ஆன ஒரு சதுரத்தைச் சுவரில் வைத்து, அதற்குள் உள்ள நூறு கட்டங்களிலும் பாசி 'உண்டு' அல்லது 'இல்லை' என்று குறிக்க வேண்டும். மூன்றாவதாக ஒன்று உண்டு. காரை பெயர்ந்து விழுந்த கட்டமாக இருந்தால் 'தெரியாது' என்று எழுத வேண்டும். மதியழகன் அவசரத்தில் அதற்கும் 'இல்லை' என்றே எழுதிவிடுவார். மார்கழியில் ஒருநாள் யாழினி நோட்டை அவர் முன்னால் வைத்தார்.

"காரையே விழுந்துருச்சு. முன்னாடி அங்க என்ன இருந்துதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? பார்க்காத எடத்துல இல்லைன்னு எழுதக் கூடாதுண்ணா."

"சரிங்க மேடம்" என்றார் மதியழகன். சொன்னாரே தவிர, கை பழக்கத்தை விடவில்லை.

அன்றைக்கே வேறொன்றும் நடந்தது. பரமத்தி ரோட்டில் ஒரு மதில்சுவர். பச்சைப் பசேலென்ற பாசிக்கு நடுவில் வரிசையாக வெள்ளைச் சதுரங்கள். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள் ஒட்டியிருந்து மழையில் உரிந்து விழுந்த இடங்கள். அதில் ஒன்று சென்னியம்மாளுக்கு ஒட்டியது என்று அவருக்குத் தெரியும். ஒட்டும்போது கூட நின்றவர் அவர்தான்.

"எது வெளிச்சத்தை மறைச்சுதோ, அதோட வடிவம் அப்படியே பதிஞ்சுரும்" என்றார் யாழினி. "பாசி பொய் சொல்லாதுண்ணா. ஓரம் கூர்மையா இருந்தா, மறைச்சது சுவரை ஒட்டி இருந்துதுன்னு அர்த்தம். மங்கலா இருந்தா தள்ளி இருந்துச்சு."

மதியழகன் தலையாட்டினார். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் படுக்கையறைக்குப் போனார். சுவரிலிருந்த வெறுமையின் ஓரத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே ஓட்டினார். ஓரம் கத்தியால் கீறியது போல் இருந்தது.

ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவில் பீரோ இல்லை, கொடி இல்லை, மாட்டிய சட்டை இல்லை. அந்த வீட்டில் அந்த இடத்தில் நிற்கக்கூடியது எதுவும் இல்லை.

அன்றிரவு விளக்கை அணைக்காமலே படுத்தார்.

தை நெருங்கியது. தெருவே சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாக அலைந்தது. துக்கம் விழுந்த வீட்டில் வருடம் திரும்பும்வரை பண்டிகை நோம்பி இல்லை, வெள்ளையடிப்பதும் இல்லை. மற்ற வீடுகளில் ஒரு வருடப் பாசியும் ஒரே காலையில் சுண்ணாம்புக்கடியில் போக, அவர் வீட்டுச் சுவர் மட்டும் தப்பித்தது. பொங்கலன்று வாசலில் கோலம் இல்லாத அந்த ஒரே வீட்டில் அவர் ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றார். பக்கத்து வீட்டில் பொங்கல் பொங்கிய கூச்சல் கேட்டது. வயதான ஆண்பிள்ளை அழுதால் நன்றாக இருக்காது என்று அடக்கிக்கொண்டார். அடங்கவில்லை.

முகம் கழுவிவிட்டு அறைக்குள் வந்தபோதுதான் கவனித்தார். தை பிறந்தால் சூரியன் வடக்கே திரும்பும். ஜன்னல் வழியே விழும் கட்டம் சுவரில் தெற்கே தள்ளும், அதாவது அவர் கட்டில் இருக்கும் பக்கம். பாசியும் அதன் பின்னாலேயே நகர்ந்திருந்தது. பழைய இடத்தில் வெளுத்து, புதிய இடத்தில் துளிர்த்திருந்தது. அதுவும் முறைதான்.

வெறுமையும் நகர்ந்திருந்தது.

சுண்ணாம்பின் தடிப்பு நகராது. எண்ணெய்க் கறை நகராது. அவர் தேடித் தேடி வைத்திருந்த காரணங்கள் எல்லாம் அந்த ஒரு முழ இடைவெளியில் செத்துப்போயின. மதியழகன் கட்டிலில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடம் சுவரிலிருந்த அந்த உருவத்துக்கு முன்பைவிட ஒரு முழம் பக்கம் என்று உடனே தெரிந்து எழுந்துகொண்டார்.

பொங்கல் விடுமுறை முடிந்து இரண்டு நாள் கழித்து, காய்ச்சல் என்று கல்லூரிக்குப் பொய் சொன்னார். முந்தைய மாலையே ஆய்வகத்திலிருந்து வெளிச்சம் அளக்கும் மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஏழு மணிக்கு வெயில் வந்தது. சுவர் பளிச்சென்றது. பச்சை மின்னியது, நடுவில் வெறுமை அதைவிட வெள்ளையாக மின்னியது. அங்கே நிழல் என்று எதுவும் இல்லை. அவருக்கு நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. அந்த ஏமாற்றம் எதற்கு என்று யோசிக்க அவர் விரும்பவில்லை.

மீட்டரைப் பச்சையின் மேல் வைத்தார். எட்டாயிரத்துச் சொச்சம். வெறுமையின் மேல் வைத்தார். நூற்றுப் பத்து.

மீட்டரைத் தட்டினார். மறுபடி வைத்தார். நூற்றுப் பத்து. கண்ணெதிரே அவர் புறங்கையில் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது, கை மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. ஆனால் மீட்டருக்கு அங்கே இருட்டு. அப்போதுதான் புறங்கையில் வெயிலின் சூடு இல்லை என்பது அவருக்கு உறைத்தது. சுவரிலிருந்து மீட்டரை மெதுவாகப் பின்னால் இழுத்தார். அரைச் சாண். நூற்றுப் பத்து. ஒரு சாண். நூற்றுப் பத்து. ஒரு முழம் வந்ததும் முள் துள்ளி எட்டாயிரத்தில் நின்றது. கையில் சுரீரென்று சூடு ஏறியது.

சுவரை ஒட்டி ஒரு முழக் கனத்துக்கு அங்கே ஏதோ நிற்கிறது.

இவ்வளவு நேரமும் அவர் கை அதற்குள் இருந்திருக்கிறது.

மீட்டர் தரையில் விழுந்தது. மதியழகன் கூடத்துக்கு ஓடிப்போய்த் தொலைக்காட்சியைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, அதன் முன்னால் உட்கார்ந்தார். எட்டு மணிக்குத் தெருக்கோடிப் பட்டறையில் லாரிக்குப் பாடி கட்டுகிறவர்கள் சுத்தியலை எடுத்தார்கள். டங், டங், டங். தினமும் எரிச்சலூட்டும் அந்த ஓசை அன்று தெய்வமாக வந்தது. வெயில் போயிருக்கும், அதுவும் போயிருக்கும்.

பயம் இறங்க இரண்டு நாள் ஆயிற்று. இறங்கிய இடத்தில் வேறொன்று ஏறியது. இந்த வீட்டில் வேறு யார் வந்து நிற்பார்கள்? அவள் சனிக்கிழமை தோறும் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்ற அதே சுவரோரம். அவர் இல்லாத நேரமாகப் பார்த்து வருகிறாள், அவரைப் பயமுறுத்தக் கூடாதென்று. அப்படி நினைத்ததும் நெஞ்சில் ஏதோ இளகியது. வீடு காலியாக இல்லை. அதுவே போதும் என்றிருந்தது அவருக்கு.

மாசியில் மாடி வீட்டுக்காரர் சின்னுசாமி, அவர்தான் இந்த வீட்டுக்கும் சொந்தக்காரர், ஒருவழியாகத் தொட்டியைச் சரிசெய்தார். கசிவு நின்றதா என்று பார்க்க அறைக்குள் வந்தவர் சுவர் முன்னால் நின்றுவிட்டார்.

"அட, இதாருங்க நிக்கறது?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "ஆளு நல்ல ஒசரமுங்க."

"பாசிங்க. தானா அப்படி வந்துருச்சு."

"எனக்கு மேல ஒரு சாண் இருக்குதுங்களே." சின்னுசாமி சுவர்ப் பக்கம் போகாமல் நின்ற இடத்திலிருந்தே கையை உயர்த்தி அளந்தார். "இத இப்படி உட்டு வெக்கப்படாதுங்க. நாளைக்கே ஆள வரச் சொல்லிச் சொரண்டி வெள்ளையடிச்சுப் போடறேன்."

"வேண்டாமுங்க" என்றார் மதியழகன், கொஞ்சம் உரக்கவே. "வருசம் திரும்பட்டுங்க. துக்க ஊட்டுல வெள்ளையடிக்கப்படாதுங்க."

சின்னுசாமி சுவரையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். "தனியாவா படுக்கறீங்க இங்க?" என்று மட்டும் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் வெளியே போய்விட்டார்.

சென்னியம்மாள் அவர் தோளுக்குத்தான் வருவாள். சுவரிலிருந்தது அவரைவிட உயரம். அவளுக்கு எப்போதும் கொண்டை. சுவரிலிருந்ததற்குக் கொண்டை இல்லை. மதியழகன் இதையெல்லாம் பார்க்காமல் இல்லை. வெயில் சாய்ந்து விழுகிறது, அதனால் நீளம் கூடும் என்றார் மனதுக்குள். போன இடத்தில் கொண்டை போட்டுவிட யார் இருக்கிறார்கள் என்றார். ஆசைப்பட்ட மனதுக்கு வக்கீல் வேறு வேண்டுமா?

கசிவு நின்றதும் சுவர் காய்ந்தது. பாசி ஓரத்திலிருந்து வெளுத்துப் பொடியாகத் தொடங்கியது. பச்சை போனால் வெள்ளை ஏது? மொத்தச் சுவரும் ஒரே நிறமாகிவிடும், அவள் தெரியமாட்டாள். ஒரு வாரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டாம் நாள் ஆய்வகத்திலிருந்து ஒரு தெளிப்பான் புட்டியைக் கொண்டுவந்தார். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. புஸ், புஸ், புஸ். ஊரெல்லாம் குடிநீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற பங்குனியில் அவர் சுவருக்குத் தண்ணீர் விட்டார். மூன்றே நாளில் பச்சை எழுந்துகொண்டது, கூடவே வெள்ளையும்.

யாழினியிடம் காலையில் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வர அனுமதி கேட்டார். மேடம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் காரணம் கேட்காமலே கொடுத்தார். "நேரத்துக்குச் சாப்பிடுங்கண்ணா" என்றார். அன்று அவரிடம் யாரும் பேசிய ஒரே பேச்சு அதுதான்.

அன்றிலிருந்து ஏழு மணிக்கு முக்காலியை எடுத்துச் சுவரோரம் போட்டார். உருவத்துக்குச் சற்று இடதுபுறம், அதன் கைக்கெட்டும் தூரத்தில். சுவருக்கு முதுகைக் காட்டி, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். பக்கத்தில் நல்லெண்ணெய்ப் புட்டியைத் திறந்து வைத்தார். வெயில் முகத்தில் அடிக்கும், கண்ணை மூடிக்கொள்வார். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். அவள் காட்ட நினைக்காத முகத்தை அவர் ஏன் பார்க்க வேண்டும்?

முகத்தில் சூடு. முதுகின் வலதுபுறம் மட்டும் சில்லிப்பு, ஈரத்துணியைப் பக்கத்தில் பிடித்தது போல. சில நாள் அது கழுத்துவரை வரும். தொட்டதில்லை. அவர் பேசுவார். கல்லூரிக் கதை, மெஸ் சாம்பாரின் கதை, சின்னுசாமி மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த கதை. எட்டு மணிக்குச் சுத்தியல் தொடங்கும். சில்லிப்பு விலகும். எழுந்து, சுவரைப் பார்க்காமலே தண்ணீரைத் தெளித்துவிட்டு வேலைக்குப் போவார். இத்தனை வருட வாழ்க்கையில் அந்த மாதம்போல் அவர் விடியலுக்குக் காத்திருந்ததில்லை.

சித்திரை பிறந்த மூன்றாம் நாள், பழக்கதோஷத்தில், முகத்தைத் திருப்பிக்கொண்டே சுவரை அளவுகோலோடு கைபேசியில் படம் எடுத்தார். மாலையில் மெஸ்ஸில் சோற்றுக்குக் காத்திருக்கும்போது அதைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

சுவரில் இப்போது இரண்டு பேர் இருந்தார்கள். முக்காலியில் உட்கார்ந்த அவர், தோள், கழுத்து, ஒட்ட வெட்டிய தலை. ஒரு மாத நிழலில் பாசி வெளுத்து அவர் வடிவம் பதிந்திருந்தது. பக்கத்தில் அந்த உயரமான உருவம். முன்பு தொங்கிக்கொண்டிருந்த அதன் கை இப்போது தூக்கியிருந்தது. அவர் தலைக்குமேல், ஒரு சாண் உயரத்தில், எண்ணெய் வைக்க வருவது போல் விரித்திருந்தது.

விரல்களை எண்ணினார். கட்டைவிரல். ஆட்காட்டி. நடுவிரல்.

அவ்வளவுதான். அதற்கப்பால் இல்லை.

சோறு வந்தது. பரிமாறியவன் பார்க்கிறானே என்றுகூட எண்ணாமல் மதியழகன் இலைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதார். மூன்று விரல். இனி யார் என்ன சொன்னாலும் சரி, உயரம் கூடினால் கூடட்டும். படத்துக்குக் கீழே, ஆய்வுப் படங்களுக்கு எழுதுவது போலவே, நாளைப் போட்டுக் குறிப்பு எழுதினார். விரல் மூன்று. மற்றவை இல்லை.

மறுநாள் காலை குளித்து, சலவை வேட்டி கட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். சனிக்கிழமை. ஏழுக்கு இன்னும் சில நிமிடம் இருந்தது. நேரம் போகக் கைபேசியை எடுத்து அதே படத்தைத் திறந்தார். ஆட்காட்டி விரலைப் பெரிதாக்கினார், நடுவிரலைப் பெரிதாக்கினார், இன்னும் கொஞ்சம் தள்ளினார்.

நடுவிரலுக்கு அப்பால் பச்சை இல்லை. வெள்ளையும் இல்லை. செங்கல்லின் சிவப்பு தெரிந்தது.

தினமும் இரண்டு வேளை தெளித்த தண்ணீரில் சுவர் பொதும்பி, உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்திருந்தது. மீதி விரல்கள் இருந்தால் எங்கே இருக்குமோ, சரியாக அந்த இடம்.

பார்க்காத எடத்துல இல்லைன்னு எழுதக் கூடாதுண்ணா.

மதியழகன் கைபேசியைக் கவிழ்த்து மடியில் வைத்தார். எழுந்துவிடலாம் என்று நினைத்தார். அதற்குள் சந்து வழியே வெயில் வந்துவிட்டது. முகத்தில் அடித்தது. கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

சில்லிப்பு வந்தது. இன்று வலதுபுறத்தோடு நிற்கவில்லை. முதுகு முழுக்கப் பரவிப் பிடரிக்கு ஏறியது. குளத்தங்கரை வாடை. கீழே எண்ணெய்ப் புட்டி உருளும் ஓசை. அவர் கை படவில்லை. கால் படவில்லை. உருண்டு போய் எதிலோ முட்டி நின்றது.

"சென்னி" என்றார்.

உச்சந்தலையில் ஒரு விரல் பட்டது.

குளிர்ச்சி. ஈரம். எண்ணெயின் ஈரம் இல்லை, வழுவழுவென்ற ஈரம். கட்டைவிரல்.

இரண்டாவது. ஆட்காட்டி. அதே இடம். முப்பது வருடமாக அது வைக்கப்பட்ட அதே இடம்.

மூன்று.

மதியழகன் முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மூன்றும் அவர் தலையில் அமர்ந்திருந்தன. கனம் அவருக்குத் தெரிந்த கனம். அவளேதான். அவளாகத்தான் இருக்க வேண்டும். மாரியம்மா, இதோடு நிற்கட்டும். அவர் காத்திருந்தார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். கண்ணிமைக்குள் வெயில் சிவப்பாகத் தெரிந்தது. மூன்று விரல். மூன்றே விரல். அவருக்குக் கண்ணீர் வந்தது. உதடு சிரிப்பதற்கு மெல்ல விரிந்தது.

நான்காவது விரல் இறங்கியது.

முப்பது வருடமாக ஒன்றும் இல்லாதிருந்த இடத்தில்.

அவர் அலறவில்லை. அலற வாயைத் திறந்தார், அவ்வளவுதான். கைபேசி மடியிலிருந்து நழுவியது. எட்டு மணி. எட்டு மணி ஆனால் போதும். வெயில் போனால் அதுவும் போகும். இத்தனை நாளும் போனது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு காத்திருந்தார். இமைக்குள் சிவப்பு மங்கியது. மேலும் மங்கியது. முகத்தில் சூடு குறைந்தது. தெருக்கோடியில் யாரோ பட்டறையின் தகரக் கதவைத் தூக்கினார்கள்.

டங். டங். டங்.

வெயில் போயிருந்தது. கண்ணைத் திறந்தார். அறை மங்கலாக இருந்தது. எதிரே ஜன்னல். சந்து. எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணி. யாரோ பெண் யாரையோ சாப்பிடக் கூப்பிட்டாள். ஊர் வழக்கம்போல் இருந்தது.

நான்கு விரல்களும் அவர் தலையிலேயே இருந்தன. ஐந்தாவது, அவசரமே இல்லாமல், அவர் காதோரமாகக் கழுத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.